நீங்கள் பக்கத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள்

மேடம்,

நேற்று மூலக்குளம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வாசனை வந்ததுதான் தாமதம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவலியை யாரிடமும் சொல்லாமல், தைலத்தைத் தேய்த்துக்கொண்டே அடுத்தவர் கேஸைக் கேட்பீர்கள். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அழுகையைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வருகிறது. இப்படி அம்போவென்று விட்டுவிட்டுப் போவீர்களா?

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று போர்டு போட்ட அறையில்தான் உங்களை முதலில் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் பிஸ்கட் கம்பெனி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு குடியுரிமை, அந்த நாட்டுப் பட்டாளத்தில் வேலை. லீவில் வந்தவர், பள்ளிக்கூட விடுமுறைக்கு என்று ஏழு வயசு பாப்பாவை அங்கே கூட்டிப்போனார். பள்ளிக்கூடம் திறந்தது, பாப்பா வரவில்லை. இங்கேயே படிக்கட்டும் என்று ஒருநாள் சொன்னவர், அதற்கப்புறம் என் போனையே எடுக்கவில்லை.

எனக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று உங்களுக்குத் தெரியாதா? காசு வாங்காமல் வாதாடுபவர்கள் ஒழுங்காக வாதாடுவார்களா என்று உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தீர்கள். "காசு வாங்கினவங்க மட்டும் ஒழுங்கா வாதாடுறாங்களாம்மா? உக்காரு" என்றீர்கள்.

இங்கே வாங்குகிற ஆர்டர் அங்கே செல்லுமா என்பது சந்தேகம்தான் என்று அன்றைக்கே உடைத்துச் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் வருஷக்கணக்கில் அலைந்தீர்கள். எதிர்த்தரப்பு வாய்தா வாங்கும்போதெல்லாம் உங்களைத்தான் திட்டினேன். கடைசியில் கிடைத்தது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒருநாள், அரை மணி நேரம், வீடியோ காலில் பாப்பாவைப் பார்க்கலாம். அதிலும் அவர் ஒரு கண்டிஷன் போட்டார். நான் கத்தி பிள்ளையை அழவைப்பேனாம், அதனால் என் வக்கீல் கூடவே இருக்க வேண்டுமாம். கோர்ட்டும் சரி என்றது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் முல்லா வீதியில் உங்கள் வீட்டு முன்னறையில் நான். நோன்பு நாளில்கூட ஒரு வாரம் விட்டதில்லை. முதல் வருஷம் பாப்பா நிறைய பேசினாள். பல் விழுந்ததைக் காட்டினாள், எப்ப வருவே என்று கேட்டாள். அப்புறம் 'ம்', 'ம்ம்'. அதற்கப்புறம் உங்களிடம் மட்டும் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தாள். நீங்கள் கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவர். அவள் படபடவென்று பேசுவாள், நீங்கள் கேட்டுவிட்டு எனக்குத் தமிழில் சொல்வீர்கள். எனக்கு வயிறு எரியும். அவள் உங்களைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று ஒருநாள் வெடித்தேன். "யாருகிட்ட பேச வந்தா என்ன? உன் கண்ணு முன்னால ஒக்காந்திருக்கா இல்ல, பாத்துக்கோ" என்றீர்கள். பார்த்துக்கொண்டேன். பாப்பாவுக்கு இப்போது பதினான்கு வயசு. என் மூக்குதான் அவளுக்கு.

இன்னொன்றும் கேட்பேன். அவள் அவ்வளவு நேரம் பேசினாளே, நீங்கள் இவ்வளவுதான் சொல்கிறீர்கள் என்பேன். முக்கியமானது இவ்வளவுதான் என்று தைலப் புட்டியைத் தேடுவீர்கள். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டாளாம், அங்கே குளிராம், கணக்கில் நல்ல மார்க்காம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போவேன்.

நீங்கள் இறந்த செய்தியை அவருக்குச் சொல்லி அனுப்பினேன். இனிமேல் வக்கீல் வேண்டாம், நீயே பேசிக்கொள் என்று பதில் வந்தது. இத்தனை வருஷம் விடாமல் பிடித்த கண்டிஷனை ஒரு வரியில் விட்டுவிட்டார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. மையத்தில் வேறு வக்கீல் போடுகிறோம் என்றார்கள், இன்னும் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலேயே போனைச் சுவரில் சாய்த்துவைத்துக் காத்திருந்தேன். பாப்பா வந்தாள். உங்களுக்காக வருத்தம் என்று உடைந்த தமிழில் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடிவிட்டுக் கேட்டாள்.

"அந்த மேடம் இல்ல. இனிமே இது கண்டிப்பா பண்ணணுமா?"

பதினெட்டு வயசு வரைக்கும் இந்த ஆர்டரை யாரும் அசைக்க முடியாது என்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆமாம், பண்ணணும் என்று சொல்லியிருக்கலாம். கோர்ட்டு என் பக்கம் இருந்தது அந்த ஒன்றில்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன் மேடம். பல் பிடுங்கப் போகிற இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். எத்தனை வாரமாக இப்படி உட்கார்ந்திருந்தாளோ.

"இல்ல பாப்பா. உனக்கு இஷ்டம் இருந்தா போதும்" என்றேன்.

"மெர்சி" என்றாள். நன்றி என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும்.

அப்புறம் போன் வரவில்லை. நானாகப் போட்டால் அடித்து நிற்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் கேட்டதை எனக்கு எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று வேலை செய்யும்போதும் யோசிக்கிறேன். பரீட்சை வருதாம்மா, கொஞ்ச நாள் பேச முடியாதாம் என்றிருப்பீர்கள். நானும் நம்பியிருப்பேன்.

பாப்பா பேசினாளா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். பரீட்சை வருதாம், கொஞ்ச நாள் பேச முடியாதாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.