இடித்த வீட்டு நிலை

மோதி பாக், தில்லி
மார்கழிக் கடைசி

ஆராயி அக்காவுக்கு, குளிரில் விறைத்த விரலோடு பூங்கோதை எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது.

போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதாசி கேட்கிறதா என்று நீ சிரிப்பாய். பேச இடம் இல்லை அக்கா. கட்டிய வீடு ஒரே அறை. நான் இருமினால்கூட அவர் திரும்பிப் பார்க்கிறார். அதனால் வேலை செய்கிற வீட்டில், அந்த அம்மா மதியம் கண் அசந்த நேரம் பார்த்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரோஜினி நகரில் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்தபோது இவருக்கு அங்கேதான் கூலி வேலை. செங்கல், வாசல் நிலை, ஜன்னல் கம்பி, குளியலறை ஓடு எல்லாவற்றையும் பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரனிடம் பேசி வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். சுவரில் காலி பாட்டில்களை வரிசையாகப் பதித்திருக்கிறார், வெயில் பட்டால் உள்ளே பச்சையாக வெளிச்சம் விழும். கூரைத் தகரத்துக்கு மேல் கல்யாண பேனர். எந்த ஊர் மாப்பிள்ளையோ, தலைகீழாகச் சிரிக்கிறான். மழைத் தண்ணீருக்கு நீல டிரம். குளித்த தண்ணீர் மணலில் இறங்கிப் புதினாப் பாத்திக்குப் போகிறது. பழைய சோலார் தகடு ஒன்றைக் கூரையில் கட்டி ஒரு பல்பு எரிய வைத்துவிட்டார். மனுஷன் படிக்காத இன்ஜினியர்தான், போ. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இந்த ஊர்க் குளிர் உனக்குத் தெரியாது. அதற்காக ஃப்ரிட்ஜ் பெட்டியில் வருகிற தெர்மகோலைச் சுவர் முழுக்க ஒட்டினார். கதவிடுக்கில் சைக்கிள் டியூபை வெட்டி அடித்தார். வாசல் நிலைக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருந்தது, அதையும் அடைத்துப் பூசிவிட்டார். எண்ணெய் டின்னை வெட்டி ஒரு அங்கீட்டி, அதுதான் கரிக் கணப்பு, செய்திருக்கிறார். அதில் இரண்டு கரித்துண்டு போட்டால் விடியும்வரை கதகதப்பு. ஒரு ஊசிக் காற்று உள்ளே வராது, எந்தப் பணக்காரன் பங்களாவிலும் இப்படி இல்லை என்று மார் தட்டுகிறார்.

என் பயமெல்லாம் அந்த நிலைமேல்தான். மஞ்சள் பூசி, நவதானியம் கட்டி முறையாகத்தான் நிறுத்தினோம். ஆனாலும் இடித்த வீட்டு நிலை இன்னொரு குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா சொல்வாளே. யார் அழுதுகொண்டு காலி செய்த வீடோ.

குளிர் பிடித்ததிலிருந்து ஆரம்பித்தது. காலையில் மூவருக்கும் தலை பிளக்கிறது. மகள் சுபிக்ஷாவை உலுக்கி உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது, எழுந்ததும் குமட்டுகிறாள். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பார்த்தாயா அக்கா? வீட்டுக்குள்தான் இருக்கிறது அது. அவள் ஆசையாக வளர்த்த லவ் பேர்ட்ஸ் இரண்டும் போன வாரம் கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

பக்கத்து வீட்டு பிந்து, பீகார்க்காரி, அடைத்த வென்டிலேட்டரைக் காட்டி, ஹவா ஆனே தோ, காற்று வரட்டும், உடை என்று கத்துகிறாள். போன குளிருக்குப் பின்வரிசையில் ஒரு பெயின்டர் குடும்பம் அங்கீட்டி வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தார்களாம். காலையில் எல்லோரையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்களாம். கரிதான் கொன்றது என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஓலைக் கூரைக்குக் கீழே கரியடுப்புப் பக்கத்தில்தானே அம்மா நம்மைப் பெற்று வளர்த்தாள்? நமக்கு என்ன ஆயிற்று? எங்கள் டிரம் தண்ணீர்மேல் அவளுக்கு ஒரு கண், அந்தப் பொச்சரிப்பில் சொல்கிறாள். ஆனால் நான் விசாரித்தேன். அந்தப் பெயின்டர் வீட்டு வாசலிலும் சரோஜினி நகர் நிலைதான் நின்றதாம்.

நிலையை மாற்றுங்கள் என்று இவரிடம் சொன்னேன். சாமியாடிவிட்டார். கடைசியில் கோயில் வாசலில் பூ விற்கிற ஜலஜாதான் வழி சொன்னாள். தை முதல் வெள்ளி சாயங்காலம் கழிப்புக் கழிக்க வேண்டும். சட்டி நிறையத் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, கதவைச் சாத்தி, வீட்டார் எல்லோரும் உள்ளேயே படுக்க வேண்டும். தணல் தானாக அவிய வேண்டும். நடுவில் கதவைத் திறந்தால் பலிக்காது. இவரும் ஒப்புக்கொண்டார். சரி விடு, குளிருக்கும் ஆச்சு என்று சிரித்தார். சண்டை போட்ட மனுஷன் சிரித்ததே எனக்குப் பாதி பாரம் இறங்கியது போல இருந்தது.

அன்றைக்கு நீ பச்சையம்மனுக்கு என் பேரில் ஒரு விளக்குப் போடு. மாமாவிடம் சொல்லாதே, கேலி செய்வார். இந்த வீடு எங்களுக்கு நிலைக்க வேண்டும் அக்கா. இதையும் விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

சனிக்கிழமை விடிந்ததும் நானே போன் போடுகிறேன். தாமதமானால் பதறாதே, அலுப்பில் தூங்குகிறோம் என்று வைத்துக்கொள். நீயாகப் போன் அடித்து அடித்துப் பிள்ளையை எழுப்பிவிடாதே. பாவம், ஒரு நாளாவது தலைவலி இல்லாமல் தூங்கட்டும்.

உன் பிள்ளைகள் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் தங்கை,
பூங்கோதை