வர்றேன் என்றாள்

சிவகாசி
8.7.2025

என் மாரிச்செல்விக்கு,

போனை எடுப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறாயாமே. உன் மாமியார் இருளம்மாள் அத்தைதான் சொன்னார்கள். யார் பேசினாலும் உன்னை அழவைத்துவிட்டுத்தான் வைக்கிறார்களாம். சரி, பிரஸ்ஸில் வேலை பார்ப்பவளுக்குத் தாளுக்கா பஞ்சம்? எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகி அச்சங்குளம் போனதிலிருந்து புரூப் பார்க்கும் மேசையில் நான் மட்டும்தான். எதிர் நாற்காலியில் காலண்டர் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. உன்னைப்போல் வாயாடுவதில்லை.

அடியே, ஒரு பிழை செய்துவிட்டேன். போன வாரம் அனுப்பினேனே ஒரு காதல் நாவல், அதன் கடைசி அத்தியாயத்தை நேற்றுதான் படித்தேன். லாரி ஓட்டுகிற அந்தப் பையன் செத்துப்போகிறான். உன் வீட்டுக்காரர் பாலகுரு அண்ணனைப் பட்டாசு விபத்தில் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத உனக்கு இதையா அனுப்புவது? அந்தப் பக்கங்களைப் படிக்காதே. கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

உன் மீனா

அச்சங்குளம்
12.7.2025

அன்பு மீனா,

உன் கடிதம் வருவதற்குள் படித்து முடித்துவிட்டேன். வருத்தப்படாதே. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்தக் கதைதான் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் இருந்தது.

கதையில் எல்லாரும் போன பிறகு அந்தப் பெண் மட்டும் சுடுகாட்டுக்கு வந்து அவன் சாம்பலின் முன்னால் நிற்கிறாள். கடைசி வரி, “‘வர்றேன்’ என்றாள்.” அதோடு கதை முடிந்துவிட்டது. அவள் விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று நீ சொல்வாய். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாராவது அப்படிச் சொல்வார்களா? சொன்னால் இன்னொரு சாவுக்கு வரவேண்டியிருக்கும் என்றுதானே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு போகிறார்கள். சுடுகாட்டில் நின்று சொல்கிறாள் என்றால், அவனிடமே வருவதாகத்தான் சொல்கிறாள். எனக்கு அவளைப் புரிகிறது. சில நாள் எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது.

அவர் காரியத்துக்கு வந்த அன்றைக்கு நீயும் ஒன்றும் சொல்லாமல்தான் பஸ் ஏறினாய். அதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நீ இனி வரவே மாட்டாய் என்று தோன்றியது.

மாரி

சிவகாசி
15.7.2025

மாரி, என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்ததும் உடனே அத்தைக்குப் போன் போட்டு, உன்னைத் தனியாக விடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோள் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள். எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

நாவலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஊருக்குப் பயந்து பயந்து அவனைப் பார்க்கிறவள் அவள். ஆள் அரவம் கேட்டால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். “கிளம்பும்போது ஒரு வார்த்தை வர்றேன்னு சொன்னா என்ன?” என்று அவன் சண்டையே போடுகிறான். கதை முழுக்க அவள் அதைச் சொல்லவே இல்லை. கடைசியில்தான் எவனுக்கும் பயப்படாமல், முறையாவது ஒன்றாவது என்று, அவன் ஆசைப்பட்டதை வாய்விட்டுச் சொல்கிறாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

எழுதியவர் என்ன நினைத்தாரோ எனக்குத் தெரியாது. அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். நீ எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன்.

மீனா

அச்சங்குளம்
22.7.2025

மீனா,

நீ வாங்கி வந்த சாத்தூர் காராச்சேவை நானும் அத்தையும் ஒரே நாளில் காலிபண்ணிவிட்டோம். வெகுநாளைக்கப்புறம் இங்கே ஒரு பண்டம் தீர்ந்துபோயிருக்கிறது.

நீ கிளம்பும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசலில் நின்று, “வர்றேன்டி மாரி!” என்று கத்தினாயே, நான் உள்ளே போய்விட்டேன். நீ வருந்தியிருப்பாய். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

“படிச்ச புள்ள, துட்டி வீட்டுல நின்னு இப்படிச் சொல்லலாமா? அம்புட்டும் தெரிஞ்சவதான அவ?”

“தெரிஞ்சுதான் சொல்லிட்டுப் போறா அத்தை. இனிமே இது துட்டி வீடு இல்ல.”

அத்தை தன் மகனின் சட்டையை மடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்கள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். இது வேறு அழுகை, மீனா. அழுது முடித்ததும் இரண்டு பேருக்கும் பசித்தது.

அந்தக் கடைசி வரிக்கு நீ சொல்வதுதான் அர்த்தமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம். எதிர் நாற்காலியிலிருந்து காலண்டர் கட்டுகளை இறக்கி வை. சீசன் நேரத்தில் ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னதாகச் சொன்னாயே, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிடு.

இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முடிவில் நான் எழுதியிருந்த ஒற்றை வார்த்தையைக் கேட்டதும் பதறிவிட்டார்கள். “ஏத்தா, அந்தப் புள்ள மறுபடியும் பயந்துறப்போகுது. எங்கன வர்றேன்னு தெளிவா எழுது” என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்: சிவகாசிக்கு, திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில், வேலைக்கு.

வர்றேன்.

மாரிச்செல்வி