கொட்டகைத் தரை மண்

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து தூறல். அச்சகத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். தீபாவளி முடிந்ததும் பட்டாசு லேபிள் ஆர்டர் நின்றுவிட்டது. ஏன் வரவில்லை என்று முதலாளி கேட்கவும் இல்லை.

அடுப்பு கட்டியே தீர வேண்டும். பேக்கரியில் இருப்பது போல் செங்கல் அடுப்பு, சின்னதாக. பக்கத்து வீட்டு ஜெபா டீச்சர் தன் சர்ச்சில் சொல்லி கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் பிடித்துத் தருகிறார். அவர் வீட்டு ஓவனில் அம்மா செய்து பார்த்தது நன்றாகவே வந்தது. இது ஓடினால் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டாம்.

போன சீசனில் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தபோது அம்மா தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். அதனால் இருக்கிறாள். இடது காது போனது போனதுதான். அதிகாரிகள் வந்தார்கள், மாலை வைத்தார்கள், போனார்கள். அடுத்த திங்கள் கம்பெனி திறக்கிறது. போவேன் என்கிறாள். "தெரிஞ்ச வேலதானலே."

போனில் பார்த்துக் குறித்தது. ஆகாதவை: ஆற்றுக் கல் (உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்குமாம், இந்த ஊரில் அது ஒன்றுதான் பாக்கி), சிமெண்ட் பூச்சு (விரியும்), துத்தநாகம் பூசிய தகடு (விஷப் புகை). ஆகுபவை: தீக்கல் (உலைச் சூடு தாங்கும் செங்கல்), நன்றாக வெந்த செங்கல், மணல், களிமண்.

18, செவ்வாய்

கொத்தனார் சித்தப்பா வந்து கொல்லையைப் பார்த்தார். நின்ற நிலையிலேயே சிரிப்பு.

"ஏலே, இந்த ஊர்ல வெடி பரவாம இருக்கத்தான் செவரு கட்டிருக்கேன். நெருப்பக் கூப்புட்டு உக்கார வைக்கக் கட்டச் சொன்ன மொத ஆளு நீதான்."

சிமெண்ட் வைத்து எழுப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்டால் ஒரே நாளில் முடியுமாம். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும், சாப்பாடு வேகிற இடம் என்றேன்.

"எல்லார் வீட்டுக் கூரையும் அதான. செத்தா போனோம்?"

டீ வாங்கப் போய்விட்டேன். நின்றால் சண்டை.

அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

20, வியாழன்

விருதுநகர். பஸ்ஸில் நின்றபடி. இறங்கியதும் மிளகாய் நெடி, தும்மல். தீக்கல் பழசு கிடைத்தது, ஏதோ ஆலை உலையில் இருந்து கழற்றியது. மூலை உடைந்தாலும் தட்டினால் கணீர் என்கிறது.

கடைக்காரர் ஊரைக் கேட்டார். தாயில்பட்டி என்றேன்.

"அங்கனயா? சூடு தாங்குற கல்லு உங்க ஊருக்கா? மனுசனயே தாங்கப் பழக்கிட்டீகளே!"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் ஏறிய பிறகுதான் எரிந்தது.

22, சனி

மழை விட்டிருக்கிறது. மண்தான் சிக்கல். கரிசலைப் பிசைந்து காயவைத்த கட்டி பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

அம்மா தானாக வந்தாள். கட்டியை விரலால் நசுக்கினாள்.

"இது ஆவாது. கொட்டகத் தரையத் தோண்டு. செம்மண்ணு. உங்கப்பா வண்டில கொண்டாந்து போட்டது. நல்லாப் பிடிக்கும்."

அப்பா போய் வருடங்களாகின்றன. தலையை மட்டும் ஆட்டினேன், பேசினால் கெட்டுவிடும் என்று பயம். அடுப்பு பற்றி அம்மா சொன்ன முதல் வார்த்தை. கேக் தட்டு எத்தனை கொள்ளும் என்றும் கேட்டாள்!

23, ஞாயிறு

வெயில். கொல்லைக் கொட்டகைத் தரையில் ஒரு மூலையைக் கிளறி, கொஞ்சம் மண் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்தேன். காய்ந்ததும் விறகடுப்பில் போட்டேன். விரிகிறதா என்று பார்க்கத்தான்.

பொரிந்தது. வெள்ளை வெள்ளையாகப் பொறி. மத்தாப்பு போல, சத்தமில்லாமல்.

இன்னொரு உருண்டை. அதுவும்.

அந்தக் கொட்டகையில்தான் அம்மா வருடக்கணக்கில் கம்பெனிக்காக மருந்து அடைத்தாள். லைசென்ஸ் இல்லாத வீட்டு வேலை. இருட்டியதும் லோடு இறக்குவார்கள். சிந்திய வெடிமருந்தின் மேல் வருடா வருடம் மண் போட்டு மெழுகிய தரை. கூரைக்குள் இருப்பதால் மழையும் கழுவவில்லை.

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கனதான நீ தவந்தே. மண்ண அள்ளி வாயில வப்பே. அடிச்சுப் பிடுங்குவேன்."

விறகை வெளியே இழுத்துவிட்டு, "அம்புட்டையும் பிடுங்கிருப்பனாலே?"

தெரியவில்லை என்றேன்.

சாயங்காலம் கம்பெனி போர்மேன் போன். "மாரியக்கா, நாளைக்குப் பூசை. வண்டி வரும், நில்லுங்க." அம்மா "ம்" என்றாள். சாப்பிடவில்லை. நானும்.

24, திங்கள்

எழுந்தபோது அம்மா கொட்டகைக்குள். கையில் பலகைத் துண்டு. உதவலாம் என்று மம்பட்டியை எடுத்தேன்.

"வைலே கீழ! காஞ்ச மண்ணுல இரும்பு போடாத, பொறி பறக்கும். தண்ணி தெளி மொதல்ல."

தெளித்தேன். சுரண்டி சாக்கில் அள்ளினோம். எங்கே கொட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கம்பெனி வண்டி ஹாரன். அம்மாவின் இடது காது தெருப்பக்கம். கேட்டதா, இல்லையா? மறுபடி ஹாரன். போர்மேன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஏறலயா? எல்லாம் காத்துக் கெடக்காக."

"வீட்டுல வேல கெடக்கு." தலை நிமிரவில்லை. "நீங்க போங்க."

வண்டி போன சத்தம்.

ஒரு சாண் ஆழம் வந்தாயிற்று. அடியிலிருந்து மண் எடுத்து உருட்டி, வாட்டி அடுப்பில் போட்டேன். இன்னும் பொரிகிறது. தெளிக்க அம்மா தண்ணீர் கேட்கிறாள்.