போட்டு இன்ஜினுக்குப் பழகிய கை

காரைக்கால்,
ஆகஸ்ட் 20

ஆன்லின் அப்பாவுக்கு, சலோமி எழுதுவது.

நானும் மகளும் நலமாக இருக்கிறோம். மாதா உங்களையும் அப்படியே வைத்திருப்பாள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு ஆஸியா பீவியின் மகன் நாளை மறுநாள் பாரீஸ் கிளம்புகிறார். அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

போன ஞாயிறு பூசையில் ஆன்லினுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். டைட்டஸ் மகள் என்று சாமியார் உங்கள் பெயரைச் சொன்னபோது ஆண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இன்னும் இரண்டு ஓலை பாக்கி. அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள். புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. பந்தல்காரர் மழை வரும் என்று இப்போதே பயமுறுத்துகிறார். அவர் எப்போதும் அப்படித்தான்.

இனி என் சக்களத்தி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சிவப்புக் காரைத்தான் சொல்கிறேன். போன விடுமுறையில் புதுச்சேரிக்குப் போய், ஆன்லின் வயதுக்கு நெருங்கிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். இரண்டே பேர் உட்காரும் கார், அதில் நான் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தீர்கள். கல்யாணத்தன்று மகளை நானே இதில் ஏற்றிக் கோவிலுக்கு ஓட்டிப் போவேன் என்றும் சொன்னீர்கள். அதைச் சொன்னபோது சின்னப் பையன் போல உங்கள் முகம் மலர்ந்திருந்தது, நான் எப்படி மறுப்பது?

வண்டியைக் கருக்களாச்சேரியில் உங்கள் கூட்டாளி மாரிக்கண்ணு அண்ணன் வலையும் மீன்பிடி போட்டுச் சாமானும் வைக்கும் கொட்டகையில் நிறுத்தினீர்கள். கிளம்பும்போது அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உன் போட்டு இன்ஜினப் பாத்துக்கிற மாதிரி இதையும் பாத்துக்கடா" என்றீர்கள். வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. அவரும் நீங்கள் சொன்னபடியே செய்திருக்கிறார்.

அவருடைய போட்டு இன்ஜின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசி வைப்பார். உங்கள் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தபோது அதிலிருந்த தண்ணீர் பச்சையாக இருந்திருக்கிறது. அது கூலன்ட் மருந்து கலந்த நிறம் என்று தெரியாமல், பாசி பிடித்துக் கெட்டுவிட்டது என்று நினைத்து, பாவம், மொத்தத்தையும் வடித்துவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் போர் தண்ணீரால் அலசி, அதையே நிரப்பியும் வைத்தார். அந்தப் போர் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பு போட வேண்டாம், உங்களுக்கே தெரியும். கடல் தண்ணீரையே குடிக்கிற இன்ஜினைப் பார்த்தவருக்கு இது உறைக்கவில்லை. தண்ணீர் குறைந்தபோதெல்லாம் அதையே ஊற்றியிருக்கிறார். ஒரு வாரம்கூட மறந்ததில்லையாம்.

போலகத்தில் என் அக்காவுக்குப் பத்திரிகை வைக்கப் போகும்போது காரில் போங்கள், வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று நீங்கள் நச்சரித்தீர்கள் அல்லவா. அந்த ஞாயிற்றுக்கிழமையே போனார்கள். ஆன்லின் ஓட்டினாள், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வெயில் கொளுத்தியது. ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சூடு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டதைப் பார்த்ததும் ஆன்லின் இன்ஜினை அணைத்துவிட்டாள். அதற்குள் முன்பக்கமெல்லாம் ஆவி கிளம்பி, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லையாம்.

கடலில் இன்ஜின் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அந்தப் பழக்கத்தில் அண்ணன் இறங்கியதும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடிக்குப் போயிருக்கிறார். "மாமா, தொடாதீங்க, ஆறட்டும்" என்று கத்திக்கொண்டே ஆன்லின் ஓடி, அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவர் மூடியைத் திருகிவிட்டார், முகம் மட்டும் தப்பியது. கொதிக்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்து வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

பதறாதீர்கள். இப்போது புதுத்தோல் வர ஆரம்பித்துவிட்டது. விரல்களை நன்றாக மடக்குகிறார், பழையபடி வலை இழுக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். காயம் ஆறும்வரை கடல் தண்ணீர் படக்கூடாது, அதனால் அவர் மகன் போட்டை எடுத்துப் போகிறான்.

வீடியோ எங்கே என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் மழுப்பியதற்குக் காரணம் இதுதான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அண்ணன் என்னிடம் கேட்டார். "தங்கச்சி, டைட்டஸ்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் ஆசையா வாங்குன வண்டி. வர்றதுக்குள்ள எப்படியாவது சரிபண்ணிடுறேன்." அவ்வளவு வலியிலும் அவருக்கு அந்தக் கவலை. அதன்பிறகு அவர் நம் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. கல்யாணத்துக்கும் வரமாட்டேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் முன்னால் நிற்பது என்று சொல்வதாக அமுதம் அண்ணி சொல்லி அழுதார். ஆன்லினுக்கு டைபாய்டு வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அவள் கல்யாணத்துக்கு வரமாட்டாராம். எனக்கு ஆறவில்லை. அதனால்தான் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன்.

கார் இப்போது மெக்கானிக் ராஜ்மோகனிடம் இருக்கிறது. உப்பு பாதி, வயசு பாதி என்கிறார் அவர். ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருக்கின்றன. ஆனால் ரப்பர் ஹோஸ்கள் விறைத்து வெடித்ததும், வண்டி நிற்கும்போது சுற்ற வேண்டிய ஃபேன் சுற்றாமல் போனதும் உப்பால் இல்லையாம். நீங்கள் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மேலே மட்டும் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பளபளப்பில் நீங்களும் மயங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். அங்கே நீங்கள் ஓட்டும் பஸ்ஸுக்கு டிப்போவில் பார்க்க ஆள் இருக்கிறார்கள், இதற்கு யார் இருந்தார்கள்?

கல்யாணத்தன்று இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். கோவில் இதோ வந்துவிட்டது என்று மிதித்திருப்பீர்கள். இன்ஜின் நடுரோட்டில் இறுகி நின்றிருக்கும். இல்லை, பழைய ஹோஸிலிருந்து கசிந்தது ஏதாவது பற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கல்யாண முக்காடு போட்ட பிள்ளை. போதும், அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆன்லின் முடிவு செய்துவிட்டாள். ராஜ்மோகன் எல்லாவற்றையும் மாற்றி, வெயிலில் நிறுத்தி ஓட விட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த வண்டியில் ஏறுவாளாம். கல்யாணத்துக்குள் முடியாது. அதனால் கோவிலுக்கு நடந்தே போகிறோம், இரண்டு தெருதானே. ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் மாரிக்கண்ணு மாமா என்கிறாள். காரில் போயிருந்தால் அந்த இரண்டு சீட்டில் எனக்கு இடம் ஏது, இப்போது நானும் பின்னால் வருவேன் பாருங்கள் என்று சொன்னேன், சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு வாரம் ஆயிற்று.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கோபம் இருந்தால் என்னிடம் காட்டிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். அண்ணனை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுங்கள், வீட்டில் இருப்பார். வண்டியைப் பற்றி அவராக எடுத்தால் பேசுங்கள். முதலில் கையைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு மீன் யார் கொண்டுவருவது என்றும் கேளுங்கள், வஞ்சிரமா கொடுவாவா என்று சண்டை போடுங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் அது போதும்.

அவர் இப்போது இடது கையால்தான் போனை எடுக்கிறார், தடுமாறி எடுக்க நேரமாகும். உங்கள் அவசரத்தில் உடனே வைத்துவிடாதீர்கள். அடித்துக்கொண்டே இருக்கட்டும், எடுப்பார்.

மாதா உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலில் காத்திருக்கும்,
சலோமி