சம்பந்திக்காகப் படித்த இங்கிலீஷ்

தேவாரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளை நீலும் அங்கே வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், இல்லாவிட்டால் அழுதுவிடுவாய், அப்புறம் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, அதனால்தான் இட்லிப்பொடி பார்சலோடு இதையும் வைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நம் கிணற்றிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முருங்கை நன்றாகக் காய்க்கிறது.

விஷயம் உன் மாமனார் கிரஹாமைப் பற்றியது ஆத்தா. இரண்டு வருஷமாக அங்கே உங்கள் ஆட்டுப் பண்ணையில் மழையில்லை, பாதி ஆடுகளை விற்றுவிட்டார், அறையைவிட்டு வெளியே வருவதில்லை, யாரோடும் பேச்சில்லை, பயந்துபோய் நீல் துப்பாக்கி அலமாரிச் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார் என்று நீ போன மாதம் அழுதுகொண்டே சொன்னாய் அல்லவா, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது நம் போரில் தண்ணீர் அற்றுப்போய்த் தென்னந்தோப்பு மொத்தமும் பட்டுப்போனதே, அப்போது நான் மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்து கிடந்தது எனக்குத்தானே தெரியும். அந்த மனுஷனோடு ஒருமுறை பேசிவிட வேண்டும் என்று தோன்றிற்று. ஆனால் உங்கள் கல்யாணத்தில்கூட வெல்கம், ஈட் என்பதைத் தாண்டி அவரிடம் நான் ஒன்றும் பேசினதில்லை. உன் அம்மாதான், "ஏலத் தோட்டத்துக்குப் போயி மலையாளம் படிச்சீகல்ல, அதே வாய்தான, இதையும் படிங்க" என்றாள்.

நம் தெரு எஸ்தர் டீச்சர் ரிட்டையராகி வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களிடம் போய், வறட்சி, தண்ணீர்ப் பஞ்சம் சம்பந்தமான இங்கிலீஷ் மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். "இதென்ன பாடம், ஒரு புத்தகத்துலயும் இல்லாத பாடமா கேக்குறீகளே" என்று சிரித்தாலும் தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். டிரவுட் என்றால் வறட்சி. எழுதும்போது நடுவில் இரண்டு எழுத்து வருகிறது, வாயில் வருவதில்லை. பஞ்சத்துக்கு ஸ்கேர்சிட்டி என்றதும், சிட்டி என்றால் எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன், டீச்சர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. டிரை ஸ்பெல் என்றால் மழை விட்டுப்போன காலம். கிராக் என்றால் நிலம் வெடிப்பது. காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிவைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டேன், நீ டியூட்டியில் இருந்தாய். அவர் போனைக் கொண்டுபோய்த் தன் அப்பா கையில் கொடுத்துவிட்டார். தாடியும் மீசையுமாகச் சம்பந்தி ஆளே பாதியாகிவிட்டார், எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. டிரவுட், வெரி பேட் என்று மட்டும் சொன்னேன். மை டேம் இஸ் டிரை என்றார் அவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, தனியாளுக்கு ஒரு அணையா! வைகை அணைதான் மனதில் வந்தது. கவர்ன்மென்ட் டேம்? என்று கேட்டேன், நோ, மைன் என்றார். அப்புறம் மாப்பிள்ளைதான் ஜன்னல் வழியாகக் காட்டினார், நாம் பண்ணைக்குட்டை என்கிறோமே, அதைத்தான் அங்கே டேம் என்கிறார்கள். போர்வெல் இருக்கா என்றேன். போர், யெஸ், சால்ட் என்றார். அங்கேயும் போர்தானாம் ஆத்தா! உப்புத் தண்ணீர் வருகிறதாம். டீச்சர் சொல்லிக்கொடுத்ததைவிட நாம் தினம் சொல்கிற வார்த்தை அல்லவா கைகொடுத்தது.

அதற்குப் பிறகு தைரியம் வந்து, மை கோகனட் ஆல் டை, ஐ ஸிட், ஐ நோ டாக், ஒன் இயர் என்றேன். அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, தென்? என்று கேட்டார். அதற்கு நான் ஒன்றும் படித்துவைக்கவில்லையே. திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். "நான் சத்தம் போட்டதச் சொல்லுங்க, வேறென்ன நடந்துச்சு" என்றாள். சரியென்று, தென் மை வைஃப் ஷவுட், வெரி பிக் ஷவுட் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். பின்னால் நின்ற மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். தென்னையை விட்டுவிட்டு முருங்கை வைத்த கதையை, லிட்டில் வாட்டர், இனஃப் என்று சொல்லி முடித்தேன்.

அடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டார். வீட்டுக்குள்ளிருந்து அல்ல, வெளியே நடந்துகொண்டே. குட்டையின் அடி பாளம் பாளமாக வெடித்திருப்பதைக் காட்டினார், கிராக் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். மிச்சமுள்ள ஆடுகளை விற்கப்போவதில்லையாம். வேகமாக ஏதோ சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை, அன்றைக்கு நம் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர் டீச்சர்தான், "மனசு சரியில்லாததுக்கு டாக்டரப் பாக்க ஒத்துக்கிட்டாராம், மாப்ளயும் கூடப் போறாகளாம்" என்று விளக்கினார்கள். துப்பாக்கி அலமாரிச் சாவி உன்னிடமே இருக்கட்டும் என்று மகனிடம் அவரே சொல்லிவிட்டாராம்.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார், அதையும் டீச்சர்தான் தமிழில் சொன்னார்கள், அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். டியூட்டி முடிந்து எவ்வளவு அலுத்து வந்தாலும் தினமும் அவர் அறை வாசலில் ஒரு தட்டில் சோறு வைத்துவிட்டுப் போகிறாயாமே. கதவைத் திறந்து நன்றி சொல்லத் தெம்பில்லாமல் இருந்தேன், ஆனால் ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை என்றார். உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம் சொல்கிறார். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மழை எப்போது வருமோ தெரியாது, டாக்டரிடம் போவது மட்டும் தவறக் கூடாது, மாப்பிள்ளையிடம் ஞாபகப்படுத்து. நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. தேவன் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதித்துக் கையில் வைத்துக் காக்கட்டும். இனிமேல் அந்தத் தட்டை வாசலில் வைக்காதே ஆத்தா, மேசையில் வைத்துவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிடு, வருவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா பீட்டர்ராஜ், அம்மா பாக்கியம்