சனியின் வளையம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்குச் சர்க்கரை குறைந்ததா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியனும் அவர் நண்பர்களும் லீவு நாளில் ஊருக்கு வெளியே பாலைவனத்தில் டெலஸ்கோப் வைத்து வானம் பார்ப்பார்கள். போன வாரம் என்னையும் கூட்டிப்போனார்கள். சனியின் வளையத்தைப் பார்த்தேன். சனியைத் தேடிப்போய்ப் பார்த்த ஆள் நீங்கள்தான் என்று நீ சிரிப்பாய்.

பாப்பாவுக்கும் காட்ட ஆசைப்பட்டு வீடியோ காலில் கூப்பிட்டேன். நீ வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அத்தைதான் போனை அவளிடம் கொடுத்தார். டெலஸ்கோப்பில் போனை ஒட்டிப் பிடித்துக் காட்டினேன்.

"பாட்டி, வளையல் போட்டிருக்கு" என்று குதித்தாள். பிறகு என் முகத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் மாமா" என்றாள்.

"அடியே, அது உங்கப்பாடி" என்று அத்தை சொல்வதற்குள் ஓடிவிட்டாள். வழக்கமாக நான் வேலை முடிந்து கூப்பிடும் நேரமெல்லாம் தூங்குகிற பிள்ளை, பாவம்.

"குழந்தைதானே, விடுங்க" என்றார் எலக்ட்ரீஷியன். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் டெலஸ்கோப்பில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

இத்துடன் என் போட்டோ இருக்கிறது. அவள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டு. அவள் செருப்பு அளவையும் எழுது. கம்பெனி வண்டி வந்துவிட்டது. அவளைத் திட்டாதே. தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பேச நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய்.

உன் வீட்டுக்காரன்