ஆக்சில் உடையவில்லை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான், உன் அக்கா, அக்கா மகள் மூவரும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை, அப்பா காரியம் முடிந்து போனவன் நாலு மாதமாகப் போனை எடுப்பதில்லை. நான் அனுப்பின ஆக்சில்தான் அப்பாவைக் கொன்னுடுச்சும்மா என்று கடைசியாகச் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

போன ஞாயிறு பேத்தி கார் கொட்டகையைத் திறந்தாள். பஸ் டிப்போவில் நாலு ஆம்பளை கைவிட்டதை ஒற்றை ஆளாகக் கழற்றுகிறவள், அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வலிப்பதில்லை. அந்த இரண்டு சீட்டு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை உன் அப்பா வாங்கின நாள் முதல் என் சக்களத்தி என்றே திட்டிவந்தவள் நான், இனி அதன் முகத்தில் விழிப்பதில்லை என்றிருந்தேன், ஆனாலும் கூடப் போனேன். பழசு முறுக்கிக்கொண்டு உடையும் என்று நீ கெட்டி எஃகில் அனுப்பினாயே, அந்தப் பின்சக்கரத்து ஆக்சில் தண்டு இரண்டையும் உருவி, துடைத்து, தரையில் உருட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, முடியளவு வளைவில்லை. "மாமா அனுப்பினது இன்னும் நூறு வருஷம் ஓடும் பாட்டி, தாத்தாதான் ஹப்பைப் பக்கம் மாத்தி மாட்டிட்டார்" என்றாள். சக்கரம் உட்காரும் அந்த ஹப்பில் இடதுபக்கத்து மரை ஒரு திசையில் இறுகுமாம், வலதுபக்கத்தது எதிர்த்திசையில். மாற்றினால் ஓட ஓட நட்டு தானே கழன்றுகொள்ளுமாம். பாலத்து வளைவில் அப்பா போகும்போது சக்கரம் கழன்றது அதனால்தான்.

தாத்தா எப்படி மாத்தினார் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது தம்பி. புது ஆக்சில் மாட்டப்போகிற அன்று அவர் முடிவெட்டப் போயிருந்தார், கழற்றிய ஹப் இரண்டும் தட்டில் அழுக்காகக் கிடந்தன. பிள்ளை அத்தனை தூரத்திலிருந்து புதுசு அனுப்பியிருக்கிறான், இதுவும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று மண்ணெண்ணெயில் கழுவினேன். மேலே துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் இடதுக்கு இ என்றும் வலதுக்கு வ என்றும் எழுதியிருந்தார். தையல்காரர் பெண்டாட்டி, நாற்பது வருஷமாக முடிந்த துணியில் சாக்குக் கோட்டைத் தட்டிவிட்டுத்தானே இஸ்திரி போடுகிறேன், கை பழக்கத்தில் அதையும் துடைத்துவிட்டது. திரும்பி வந்தவர், "என்னடி, சக்களத்தியைக் குளிப்பாட்டி விட்டிருக்கே" என்று சிரித்தார். பிறகு இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகு பார்க்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன். குறியைத் தேடியிருக்கிறார். கேட்டால் நான் நொந்துபோவேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த மனுஷன் என்றைக்கு என்னைக் குறை சொன்னார்.

அக்காவிடமும் பேத்தியிடமும் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் என் பாரத்தை நீ சுமந்துகொண்டிருக்கிறாய். அதை இறக்கி வை, அது உன்னுடையது இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாய் என்று உன் சிநேகிதன் சொன்னான், திரும்ப ஓட்டு. நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. என்னைத் திட்டுவதற்காவது பண்ணு, எடுக்கிறேன்.

உன் அம்மா